ஒரு சிட்டிகைத் தூசி

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பழைய வீடுகளுக்கென்று ஒரு தனி ஜாடை உண்டு. மரக்கால்களின் மேல் தூக்கி நிறுத்திய மரவீடு, தகரக் கூரை, முன்னாலும் பக்கவாட்டிலும் ஓடும் அகலமான வராந்தா, அதன் விளிம்பு நெடுக வெள்ளைப் பெயின்ட் அடித்த மரக் கிராதி. வெயில் வாட்டும் ஊர் என்பதால் பிள்ளைகள் பகலெல்லாம் வராந்தாவில்தான் கிடப்பார்கள். நடை பழகும் குழந்தை எழுந்து நிற்பதே அந்தக் கிராதியைப் பிடித்துக்கொண்டுதான்.

1890களில் தலைநகர் பிரிஸ்பேனின் மருத்துவர்களிடம் புரியாத நோயோடு குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவர்கள், மணிக்கட்டும் பாதமும் துவண்டு தொங்கியவர்கள், வலிப்பு வந்தவர்கள், பார்வை மங்கிப்போனவர்கள். இந்த அறிகுறிகள் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பெயின்டர்களிடமும் ஈயம் உருக்கும் தொழிலாளர்களிடமும்தான் அவற்றைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். 1892இல் ஜெஃப்ரிஸ் டர்னர் உள்ளிட்ட சிலர் இந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவ மாநாட்டில் எடுத்துச் சொன்னார்கள். ஈய நஞ்சு என்பதில் சந்தேகமில்லை. சின்னஞ்சிறு பிள்ளையின் உடம்புக்குள் ஈயம் எப்படிப் போயிற்று என்பதுதான் பிடிபடவில்லை.

விடை சொன்னவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர். கண் நரம்பு வீங்கிய பிள்ளைகள் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்ந்தார்கள். 1904இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே குற்றவாளியைச் சுட்டிவிட்டது: பெயின்ட் அடித்த கிராதியும் அறைச் சுவரும். வெயிலில் காய்ந்த பெயின்ட் பொடியாகிக் கையில் ஒட்டுகிறது. விரல் சூப்பும் பிள்ளையும் நகம் கடிக்கும் பிள்ளையும் அதை விழுங்குகிறார்கள். ஆகவே குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் ஈயப் பெயின்ட் அடிக்கவே கூடாது. அவருடைய வாதம் இவ்வளவுதான். இந்த அத்தியாயத்தில் இனி நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். குவீன்ஸ்லாந்து அரசு 1922இல் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. மற்ற நாடுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ள அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இங்கே ஈயம் என்று சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம். (அந்தச் சொம்பிலும் காரீயத்தைக் கலந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.)

காரீயத்தைப் பெயின்ட்டில் போய் ஏன் கலக்க வேண்டும்? இதற்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் பெருக்கிய பழைய முறையில், மண்குடுவைக்குள் கொஞ்சம் வினிகர் ஊற்றி, அதன் மேல் படாமல் ஈயத் தகட்டைச் சுருட்டி வைப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான குடுவைகளைச் சாணத்திலோ தோல் பதனிடும் மரப்பட்டையிலோ புதைத்து அறையை மூடிவிட வேண்டும். சாணம் நொதிக்கும்போது சூடும் கரியமில வாயுவும் கிளம்பும். வினிகர் ஆவி ஈயத்தை அரிக்கும். கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக மாற்றும். சுமார் மூன்று மாதம் கழித்து அறையைத் திறந்தால் சாம்பல் நிறத் தகடு வெள்ளைப் பொருக்காகி இருக்கும். இதைப் பொடித்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பெயின்ட். அந்த வெள்ளைப் பொடியின் எடையில் 80 விழுக்காடு ஈயம்.

பெயின்டர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் இருந்தது. ஈயமும் எண்ணெயும் சேரும்போது ஈய சோப்புகள் உண்டாகின்றன. அவை பெயின்ட் படலத்துக்கு உறுதியும் கொடுக்கும், நெகிழ்வும் கொடுக்கும். மழையில் மரம் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் படலம் விண்டுபோகாமல் ஈடுகொடுக்கும். ஆண்டுகள் போகப் போகச் சூரியனின் புற ஊதாக் கதிர் எண்ணெயைச் சிதைத்துவிடும். பிடிமானம் இழந்த வெள்ளைப் பொடி மட்டும் மேலே நிற்கும். தேய்த்தால் சுண்ணாம்பு போல் கையோடு வரும். மறுபூச்சுக்கு முன் பழையதைச் சுரண்ட அதிகம் மெனக்கெட வேண்டாம் என்பதால் பெயின்டருக்கு இது வசதி. பிரிஸ்பேன் வராந்தாவில் கிராதியைப் பிடித்து நின்ற பிள்ளைக்கு அந்த வசதியே வினையாயிற்று.

கிப்சன் எழுதிய பத்தாண்டுக்குள் அமெரிக்காவிலும் ஒரு குழந்தை இறந்தது. 1914இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களான ஹென்றி தாமஸும் கென்னத் பிளாக்ஃபானும் ஒரு ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். தன் கட்டிலின் வெள்ளைப் பெயின்ட்டைக் கடித்துத் தின்று அவன் ஈய நஞ்சுக்கு ஆளானான். பிரிஸ்பேனிலும் பால்டிமோரிலும் ஒரே நோய்தான். ஆனால் உலகத்தின் மனதில் நின்றது பால்டிமோர்ச் சிறுவனின் படம்: பெயின்ட்டைப் பெயர்த்துத் தின்னும் பிள்ளை. மண் தின்பது, சாம்பல் தின்பது போல அதையும் ஒரு கெட்ட பழக்கமாக்கிவிட்டார்கள். பழக்கம் என்று ஆனதும் குற்றம் பிள்ளையின் தலையிலும், கவனிக்காத தாயின் தலையிலும், குடிசைப் பகுதியின் தலையிலும் விழுந்தது. 1928இல் தொடங்கிய ஈயத் தொழில் சங்கத்துக்கு இதைவிட வசதியான கதை வேறு கிடைத்திருக்காது. பெயின்ட்டைத் தின்னாத பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று ஆகிவிடுகிறதல்லவா? அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவின் பெரிய ஈய நிறுவனமான நேஷனல் லெட், டச்சுக்காரச் சிறுவன் ஒருவனைச் சின்னமாக வைத்து, குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கொடுத்துத் தன் வெள்ளை ஈயப் பெயின்ட்டை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது.

ஐரோப்பா கொஞ்சம் முன்னதாக விழித்தது, அதுவும் தொழிலாளருக்காக. பிரான்ஸ் 1909லேயே வெள்ளை ஈயத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பெயின்டர்களைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். குழந்தைகள் அதில் தற்செயலாகப் பயனடைந்தார்கள். அமெரிக்கா அதில் சேரவில்லை. அங்கே முதலில் தடை போட்டது பால்டிமோர் நகரம், 1951இல். நாடு முழுக்க வீட்டுப் பெயின்ட்டுக்குத் தடை வர 1978 ஆயிற்று. அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த ஆண்டை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், ஈயப் பெயின்ட் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும், வாங்குபவர் சோதித்துப் பார்க்கப் பத்து நாள் தர வேண்டும் என்று 1996இலிருந்து விதி. நியூ ஜெர்சியிலோ பாஸ்டனிலோ வீடு வாங்கும் நம் பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடும் காகிதங்களில் இதுவும் ஒன்று. படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாளை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் இடமும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது.

தூசிக்கு வருவோம். 1974இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் ஜேம்ஸ் சேயர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். நகரின் உட்பகுதியில் இருந்த பழைய வீடுகளிலும் புறநகரின் புதிய வீடுகளிலும் தரையையும் ஜன்னல் படியையும் ஈரத் துணியால் துடைத்தார்கள். குழந்தைகளின் கைகளையும் துடைத்தார்கள். பழைய வீடுகளின் தூசியில் ஈயம் பல மடங்கு இருந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளின் கையிலும் அப்படியே. பெயின்ட்டைக் கடிக்காத, சாதாரணமாக விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கிற பிள்ளைகளின் கைகள் அவை. கிப்சன் சொன்னது 70 ஆண்டு கழித்து உறுதியாயிற்று.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1 மில்லிகிராம் ஈயம் இருந்தால் அது ஈயப் பெயின்ட். மிகக் குறைந்த அளவு அது. பழைய கதவுகளில் இதைப்போலப் பல மடங்கு இருப்பது சகஜம். அந்தக் குறைந்த அளவையே வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடிக்கு 929 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர அடிப் பெயின்ட்டில் 929 மில்லிகிராம் ஈயம். அந்த ஒரு சதுர அடியை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி பத்துக்குப் பத்து அறையின் தரையில் சமமாகப் படிந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், சதுர அடிக்கு 9,290 மைக்ரோகிராம் வருகிறது. வேலை முடிந்த அறையின் தரையில் இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் விதித்த வரம்பு 5 மைக்ரோகிராம். ஒரே ஒரு சதுர அடி, 1,800 மடங்குக்கும் மேல். கண்ணுக்குத் தெரிவதோ, பெருக்கி எடுத்தால் ஒரு சிட்டிகை.

உள்ளே போன ஈயம் என்ன செய்கிறது? உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து ஏமாறுகிறது. கால்சியம் போகும் வழியிலெல்லாம் ஈயமும் போகும்: குடலைத் தாண்டும், மூளைக்குள் நுழையும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் கால்சியம் செய்யும் வேலையில் குறுக்கிடும், எலும்பில் போய்ப் படியும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் படிந்ததோ பத்தாண்டுக் கணக்கில் தங்கும். கருவுற்ற பெண்ணின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போகும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயமும் கூடவே போகும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சின்னக் குழந்தையின் உடம்பு ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொள்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஈயமும் தன் பங்குக்கு ரத்தம் ஊறுவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் எது முதலில் வந்தது என்றே சொல்ல முடியாது.

நோய் தீர்ந்தால் பாதிப்பும் தீர்ந்தது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1943இல் பாஸ்டனின் ராண்டால்ஃப் பையர்ஸும் எலிசபெத் லார்டும், ஈய நஞ்சிலிருந்து குணமானதாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட 20 பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். அவர்களில் ஒரே ஒரு பிள்ளைதான் பள்ளியில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தது. நோயே வராதது போலத் தோன்றும் பிள்ளைகளின் நிலை என்ன என்பதை 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் காட்டினார். விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றில் இருந்த ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் கூடக் கூட அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்தது, வகுப்பில் கவனம் சிதறியது. ஈயத் தொழிலுக்கு வேண்டியவர்கள் அவர்மேல் முறைகேட்டுப் புகார் கொண்டுவந்து பல்கலைக்கழக விசாரணை வரை இழுத்தார்கள். அவர் மோசடி எதுவும் செய்யவில்லை என்றே விசாரணை முடிந்தது.

அதன் பிறகு 'கவலைப்பட வேண்டிய அளவு' என்ற கோடு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்று 1960களில் இருந்த அமெரிக்காவில், 1991இல் அது 10, 2012இல் 5, 2021இலிருந்து 3.5. தீங்கே செய்யாத அளவு என்று ஒன்று இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவ முடிவு. ஏறிய ஈயத்தை இறக்க மருந்து உண்டு. மிக அதிகமாக ஏறியிருந்தால், 45க்கு மேல், அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதற்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2001இல் வெளியானபோது, ரத்தத்தில் ஈயம் குறைந்ததே தவிர அறிவுத்திறன் மீளவில்லை. வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் எடுபடாது.

சரி, அப்படியானால் பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடலாமே? நல்ல எண்ணத்தோடு பால்டிமோர் நகரம் அதைத்தான் செய்தது. ஒரு குழந்தைக்கு ஈய நஞ்சு என்று தெரிந்தால் வீட்டுக்காரருக்கு உத்தரவு போகும். ஆட்கள் வந்து தீப்பந்தத்தால் வாட்டியும் இயந்திரத்தால் தேய்த்தும் பெயின்ட்டை எடுப்பார்கள். குழந்தை வீடு திரும்பும். மார்க் ஃபார்ஃபெலும் ஜூலியன் சிசோல்மும் அந்த வீடுகளை அளந்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை முடிந்ததும் வீட்டுத் தூசியில் ஈயம் முன்பைவிடப் பெருமளவு ஏறியிருந்தது. ஆறு மாதம் கழித்தும் பழைய அளவுக்குக் கீழே இறங்கவில்லை. சிகிச்சை முடிந்து அந்த வீட்டுக்கே திரும்பிய பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் மறுபடி ஏறியது.

எனக்குத் தெரிந்து ஈயப் பெயின்ட் பற்றிய ஆய்வுகளிலேயே நம் வீடுகளுக்கு மிக வேண்டியது இதுதான். சுவரோடு ஒட்டி, உரியாமல், வெடிக்காமல், ஒன்றோடொன்று உரசாமல் இருக்கும் பழைய பெயின்ட் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அது ஆபத்தாவது மூன்று சமயங்களில்: உரியும்போது, உரசும்போது, நாம் புதுப்பிக்கப் போகும்போது. இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. ஜன்னல் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சட்டமும் கதவும் தேய்ந்து, ஜன்னல் படியில் பொடி விழுகிறது. தெருவில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக் குழந்தை கையை ஊன்றும் இடமும் அதே ஜன்னல் படிதான்.

சோதனைக்கு வருவோம். ஒரு வீட்டில் மூன்று கேள்விகள் கேட்கலாம். பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா? அது தூசியாக வெளியே வந்திருக்கிறதா? பிள்ளையின் உடம்புக்குள் போயிருக்கிறதா? ஒன்றுக்கான சோதனையை வைத்து மற்றொன்றுக்குப் பதில் சொல்ல முடியாது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

முதல் கேள்விக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் துப்பாக்கி போன்ற ஒரு கருவியோடு வருவார்கள். கதவில் அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் எண் வந்துவிடும், சுரண்ட வேண்டாம். கருவியிலிருந்து கிளம்பும் கதிர் ஈய அணுவின் உள்வட்ட எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு வெளிவட்ட எலெக்ட்ரான் இறங்கும்போது, ஈயத்துக்கே உரிய ஆற்றலில் ஓர் எக்ஸ் கதிர் வெளிவரும். அது கைரேகை மாதிரி, வேறு தனிமம் போட முடியாது. ஈயத்தின் மிக உள்வட்ட எலெக்ட்ரானைத் தட்ட 88.00 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். சில கருவிகளில் வைக்கும் காட்மியம்-109 கக்கும் காமாக் கதிரின் ஆற்றல் 88.03. மயிரிழையில் தாண்டிவிடுகிறது! இப்படி ஒரு பொருத்தத்தை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது. அந்த உள்வட்டத்திலிருந்து வரும் கதிர் வலுவானது என்பதால், மேலே ஏழெட்டுப் பூச்சு இருந்தாலும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்த வட்டத்துக் கதிர் பலவீனமானது. மேல்பூச்சுகளே அதை விழுங்கிவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் ஈயம் மேலே இருக்கிறதா ஆழத்தில் புதைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கருவி இல்லாத ஊரில், மரம் தெரியும் வரை எல்லாப் பூச்சுகளையும் சேர்த்து ஒரு சில்லு வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளந்து, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எடைக்கணக்கில் சொல்வார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடியில் ஈயப் பூச்சு ஒன்று, மேலே ஈயமில்லாத பூச்சு ஐந்து என்றால், சில்லின் எடையில் அந்த ஐந்தும் சேர்ந்து ஈயத்தின் விகிதத்தைக் குறைத்துக் காட்டும். பரப்புக்கணக்கில் பார்த்தால் குறையாது. அமெரிக்காவில் எடைக்கணக்கில் 5,000 பங்கு இருந்தால்தான் சட்டப்படி ஈயப் பெயின்ட். புதிதாக விற்கும் பெயின்ட்டுக்கோ வரம்பு 90. உங்கள் கதவுக்கு 4,000 என்று முடிவு வந்து, அது ஈயப் பெயின்ட் அல்ல என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். உப்புத்தாளுக்குச் சட்டம் தெரியாது.

கடையில் விற்கும் குச்சிச் சோதனைகளும் உண்டு. பலவற்றில் இருப்பது ரோடிசோனேட் என்ற சாயம். ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாகும். மேலே மட்டும் தேய்த்தால் பயனில்லை. கத்தியால் சாய்வாக வெட்டி எல்லாப் பூச்சும் தெரியும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்த பரப்பில் ஈயம் இருந்தும் நிறம் வராமல் போகலாம். சிவப்புப் பெயின்ட்டின் நிறமே குச்சியில் ஏறி, ஈயம் இருப்பது போலவும் காட்டலாம். சிவந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சிவக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு ரோசெஸ்டர் வழிதான் இன்றும். தரையில் ஒரு சதுர அடியை டேப் ஒட்டி அடைத்து, ஈரத் துடைப்பானால் மேலிருந்து கீழாக வளைத்து வளைத்துத் துடைத்து, மடித்து, குறுக்காக இன்னொரு முறை துடைத்து, குழாயில் போட்டு அனுப்புகிறார்கள். ஜன்னல் படியிலும் அப்படியே. பெயின்ட் வேலை முடிந்த வீட்டில் குழந்தையை விடலாமா என்பதற்கு இதைத் தவிர வேறு நம்பகமான பதில் கிடையாது. பளபளவென்று இருக்கும் தரையும் தோற்றுப்போகும்.

மூன்றாவது, ரத்தம். விரல் நுனியில் குத்தி எடுத்தால், விரலில் ஒட்டியிருக்கும் தூசியே எண்ணை ஏற்றிவிடும். அதிகமாக வந்தால் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். ரத்தச் சோதனை கடந்த சில வாரங்களைத்தான் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் வீடுகளில் நிலைமை என்ன? முதலில் நிம்மதி தரும் செய்தி. நம் சுவர்களுக்குத் தலைமுறைகளாக அடித்தது சுண்ணாம்பு. பிறகு டிஸ்டம்பர், எமல்ஷன். இவற்றில் ஈயம் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. சிக்கல் எனாமலில் இருக்கிறது: கதவு, ஜன்னல் கம்பி, கேட், இரும்புக் கட்டில், பீரோ, ஊஞ்சல், தொட்டில். அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. மஞ்சளுக்கு நிறம் கொடுத்தது ஈயக் குரோமேட். அதோடு பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் ஜன்னல் கம்பிகளில் நாம் பார்த்துப் பழகிய அந்தப் பச்சை. பச்சைக் கம்பிகள் எல்லாமே ஈயம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியவை என்கிறேன். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற கட்டாய வரம்பு 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த வரம்பு, விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது. ஆகவே அமெரிக்கருக்கு 1978 எப்படியோ, நமக்கு 2017 அப்படி. நம் ஊரில் 'பழைய வீடு' என்றால் 2017க்கு முன் பெயின்ட் அடித்த வீடுதான் என்று இதைப் படிக்கும்போது உறைக்க வேண்டும். புது விதியும் வீட்டுப் பெயின்ட்டை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது, தொழிற்சாலைப் பெயின்ட்டை அல்ல. மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கிக் கேட்டுக்கு அடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஈயம் வர வேறு வழிகளும் இருக்கின்றன: குடிசைத் தொழிலாகப் பழைய பேட்டரி உடைக்கும் இடம், கலப்பட மஞ்சள்தூள், மட்டமான அலுமினியப் பாத்திரம். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் வந்தது. அதை முழுக்கப் பெயின்ட்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பெயின்ட் ஒன்றுதான் வீட்டுக்காரர் தன் கையாலேயே கிளப்பிவிடக்கூடியது, தன் கையாலேயே தடுக்கக்கூடியதும்.

கிளப்பிவிடும் காலமும் நமக்குத் தெரியும். மார்கழி பிறந்ததும் பெயின்டர் வந்துவிடுவார். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, பழைய எனாமலை உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடிப்பார். கூடத்தில் பாட்டி பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் துடைப்பம் போட்டுப் பெருக்குவார்கள். படிந்த தூசி மறுபடி எழும்பும். மழையில் இறுகிப்போன கதவை ஆசாரி இழைப்புளி போட்டுச் சீவும்போதும் இதே கதைதான்.

2017க்கு முந்தைய எனாமல் என்றால் முறையை மாற்றுங்கள். உரியாத இடத்தைச் சுரண்டாதீர்கள். கழுவி, காயவைத்து, மேலேயே பூசுங்கள். உரிந்த இடத்தை ஈரப்படுத்தி வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். தீயால் வாட்டுவதும் இயந்திரத் தேய்ப்பும் கூடவே கூடாது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, சுருட்டிக் கட்டி எறியுங்கள். துடைப்பம் தொடாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள்; துணியையும் எறிந்துவிடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். சந்தேகம் பலமாக இருந்தால், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சில்லு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெயின்டரையும் பாருங்கள். உங்கள் வீட்டுக் கதவு ஒன்று. அவருக்கு வருஷம் முழுக்கக் கதவுதான். நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். சாப்பிடும் முன் கைகழுவவும், கிளம்பும் முன் குளித்துச் சட்டை மாற்றவும் இடம் கொடுங்கள். அவர் சட்டையில் ஒட்டிய தூசி அவர் வீட்டுக் குழந்தையின் கைக்குப் போகும்.